ஓக் மரத்து மூலை

"அந்த மூலை மட்டும் வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது, புரொபசரம்மா?"

வேலிக் கதவில் சாய்ந்தபடி கேட்டார் டாப்ஸ்காட். கோடை முழுக்க இதே பதில்தான்.

தொல்லியல் பேராசிரியை வெரிட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆங்கிலேயக் கிராமப்புறமான சாமர்செட்டில் அவருடைய மேய்ச்சல் நிலத்துக்கு அடியில் ஒரு ரோமானியப் பிரபுவின் மாளிகை புதைந்து கிடந்தது. அவள் தோண்டியெடுத்ததெல்லாம் சமையலறையும் சாக்கடையும் உடைந்த ஓடுகளும். நிலத்தடியைப் படமெடுக்கும் கருவி காட்டிய பெரிய கூடம், ஓக் மரத்தடி மூலையில் இருந்தது. சிறு வண்ணக் கற்கள் பதித்த சித்திரத் தரை இருந்தால் அங்கேதான் இருக்கும்.

கெஞ்சிப் பார்த்தாள். ஆப்பிள் கேக் சுட்டுக் கொண்டுபோனாள். கேக் காலியானதுதான் மிச்சம்.

நாளையோடு அகழாய்வு அனுமதி முடிகிறது.

"பூட்டி வச்சுக்க இது உங்க வீட்டு அலமாரி இல்ல, மிஸ்டர் டாப்ஸ்காட்!" கத்தத்தான் நினைத்தாள். குரல் உடைந்துவிட்டது.

கிழவர் அவளையே பார்த்தார். பிறகு கதவைத் திறந்துவிட்டார்.

"தோண்டிக்கோ."

ஆட்களோடு இறங்கினாள். மதியத்துக்குள் குழி இடுப்பளவு போனது. சிவப்பும் வெள்ளையுமாகச் சிறு கற்கள் வந்தன. எல்லாம் உதிரி. மண்ணோடு மண்ணாக. யாரோ முன்பே கிளறியிருக்கிறார்கள். மண் சுரண்டும் கரணையைத் தூக்கியெறியலாம் போலிருந்தது.

அதற்குக் கீழே எலும்புகள். மாட்டு மண்டையோடுகள், ஒன்றின்மேல் ஒன்றாக. ரோமானியர் கொடுத்த பலியா? விருந்தா? மண்ணை இன்னும் வேகமாக விலக்கினாள்.

ஒன்றின் நெற்றியில் வட்டமாக ஒரு துளை. பக்கத்தில் மஞ்சளாக ஏதோ மின்னியது.

பிளாஸ்டிக். மாட்டுக் காதில் மாட்டும் நம்பர் வில்லை.

டாப்ஸ்காட் எப்போது குழிக்குள் இறங்கினார் என்று தெரியவில்லை. வில்லையைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"கோமாரி வந்த வருஷம். பரவக்கூடாதுன்னு, நோய் இல்லாததையும் சேர்த்து சர்க்கார் ஆளுங்க ஒரே நாள்ல சுட்டுக் கொன்னாங்க. புதைக்கறதுக்குப் பொக்லைன் இந்தக் குழியை வெட்டறப்பதான் நீ தேடற தரை தெரிஞ்சுது. பூரா மீனு. இப்பதான் புடிச்சுப் போட்ட மாதிரி. வண்டியை நிறுத்துன்னு சொல்ல வாய் வரல. மாடுங்க எல்லாம் வரிசையா வெயில்ல கிடந்துச்சுங்க."

மீன்கள் என்ன நிறம்? எத்தனை? ஓரத்தில் அலை வரைந்திருந்தார்களா? கேட்கத்தான் வாயைத் திறந்தாள்.

அவர் மண்டையோட்டை மடியில் எடுத்து வைத்திருந்தார்.

"இவ பேரு என்ன?" என்று கேட்டாள் வெரிட்டி.