சுத்தமான மண்

"கிண்ணம் வழிய வழிய ஊத்தியிருக்கேன் பாத்தியா? குடிச்சிட்டு நடையைக் கட்டுன்னு அர்த்தம். ஆனா போறதுக்கு முன்னாடி நல்ல சேதியைச் சொல்லிட்டுப் போ," என்று கண்ணடித்தார் ஹைதரலி.

மண் பரிசோதனை அலுவலகத்தில் வேலை பார்க்கும் சய்யோராவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபெர்கானா பள்ளத்தாக்குப் பக்கம் விருந்தாளிக்கு அரைக் கிண்ணம் தேநீர்தான் மரியாதை. நிரப்பிக் கொடுத்துக் கேலி செய்கிற அளவுக்கு இந்த வீட்டில் அவளுக்கு உரிமை இருந்தது. அந்த உரிமையால்தான் இப்போது சேதியைச் சொல்வது கடினமாக இருந்தது.

"சேதி நல்லா இல்ல, பெரியப்பா."

"துத்தநாகச் சத்து கம்மி, அதானே? மக்காச்சோளத் தோகையில வெள்ளைக் கோடு விழுந்தப்பவே நீதானே சொன்னே? நீ குடுத்த உப்பைப் போட்டேன், இப்ப தோகை பச்சைப் பசேல்னு நிக்குது. வா, காட்டறேன்."

"துத்தநாகம் இல்ல. ஈயம்."

மலைமேல் இருந்த ஈயச் சுரங்கத்தை மூடி எத்தனையோ காலமாகிறது. அதன் கழிவு மேடு மட்டும் அப்படியே கிடக்கிறது. பனி உருகும்போதெல்லாம் அது கரைந்து வாய்க்காலில் இறங்குகிறது என்று ஊருக்கே தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இந்த வசந்தத்தில்தான் மாவட்டம் விழித்துக்கொண்டது. எல்லா வயல் மண்ணையும் சோதிக்க வேண்டும், ஈயம் மிஞ்சினால் உணவுப் பயிர் கூடாது, குத்தகையும் ரத்து.

ஹைதரலிக்கு அந்த வயலை விட்டால் வேறு நாதியில்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போனவன், குளிர்காலத்துக்குப் பிறகு ஒரு போன்கூட இல்லை. வயலில் விளையும் மஞ்சள் கேரட்தான் அவருக்கும் மருமகளுக்கும் சோறு.

"அவங்கவங்க வயல்ல நாலு மூலையிலும் தோண்டி, கலந்து, நிழல்ல காயவெச்சு, பையில கொண்டாங்க" என்று சொல்லியிருந்தாள் சய்யோரா. அவளே வந்து தோண்டியிருக்கலாம். பழகிய மனிதர்களைச் சந்தேகப்படுவானேன் என்று விட்டுவிட்டாள்.

"ரொம்ப இருக்கோ?" என்றார், குரலைத் தாழ்த்தி.

"நான் பாத்ததிலேயே இவ்வளவு மோசமா எந்த மண்ணும் வந்ததில்ல."

ஹைதரலி சத்தமாகச் சிரித்தார். "உன் மெஷினுக்குக் காய்ச்சல் போல! இல்லேன்னா வேற எவன் மண்ணையோ மாத்திப் பாத்திருப்பீங்க. சர்க்கார் ஆபீஸ்தானே?"

"நானே திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். நீங்க கொண்டாந்து குடுத்த அதே பை. மேல உங்க பேரு."

சிரிப்பு பாதியில் நின்றது.

அந்த நேரம் பார்த்து மருமகள் முனவ்வர் ரொட்டித் தட்டோடு வந்தாள். ஏழாம் மாதம். முகத்தில் பொட்டு ரத்தம் இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை, குமட்டுகிறது என்று கோழிக்குப் போடுகிறவள்.

"அக்கா, பிலாவ் சோறு ஆயிடுச்சு. சாப்பிடாமப் போனீங்கன்னா பொறக்கப்போற புள்ளை உங்களைத்தான் திட்டும்."

தட்டை வைத்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

"வழி இருக்கு, பெரியப்பா," என்று சய்யோரா அவசரமாக ஆரம்பித்தாள். "சுண்ணாம்பு போடலாம், மக்கின எரு போடலாம். ஈயம் மண்ணோட கட்டுண்டு கிடக்கும், பயிருக்கு அதிகமா ஏறாது. கேரட்டை விட்டுட்டுப் பருத்தி போடுங்க. குத்தகைக்கு நான் மேலிடத்துல கெஞ்சிப் பாக்கறேன்."

கெஞ்சினால் கேட்கிற மேலிடம் எங்கும் இல்லை என்பது அவளுக்கே தெரியும். இருந்தாலும் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

அவர் எதையும் காதில் வாங்கவில்லை. "அது உடம்புக்குள்ள போனா என்ன ஆகும்?"

"எலும்புல போய் உக்காந்துக்கும். லேசுல வெளிய வராது."

"வயித்துல இருக்கற புள்ளைக்கு?"

"தாய் ரத்தத்துல ஏறினா புள்ளைக்கும் போகும். மூளையைத்தான் கெடுக்கும். உடம்புல ரத்தம் கம்மியா இருந்தா இன்னும் வேகமா ஏறும்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "முனவ்வரை நினைச்சா கேக்கறீங்க? கேரட் வழியா வர்றது கொஞ்சம்தான். கழுவி, தோலைச் சீவிட்டா அதுவும் குறைஞ்சிடும். பயப்படாதீங்க."

ஹைதரலியின் கை கிண்ணத்தில் பட்டு, தேநீர் விரிப்பெல்லாம் ஓடியது. அவர் துடைக்கவில்லை. முகத்தைத் தொப்பியில் புதைத்துக்கொண்டு குலுங்கினார். பாவம், ஆயுசு முழுக்கப் பாடுபட்ட வயல் போகிறதே என்று அவளுக்கும் கண் கலங்கியது.

"தாயி... அது என் வயல் மண்ணே இல்ல."

"என்னது?"

"வயலைப் புடுங்கிக்குவாங்கன்னு பயம். மலைச்சரிவுல வெள்ளைக் களிமண் இருக்குல்ல, அதை வெட்டி, பொடிச்சுக் குடுத்தேன். வாய்க்கால் தண்ணி ஏறாத இடம், கலப்பை படாத மண்ணு. அதைவிடச் சுத்தமா வேற என்ன இருக்கும்னு நெனச்சேன்."

சய்யோராவுக்கு முதலில் கோபம் வந்தது. அடுத்த நொடியே அது போய், மலையை இறக்கி வைத்தது போல இருந்தது.

"அட, ஏமாத்துக்கார பெரியப்பா! அப்போ உங்க வயல் நல்லாவே இருக்கலாமே. இன்னிக்கே நான் மண்ணு எடுத்துக்கிட்டுப் போறேன். தப்பிச்சீங்கன்னு சந்தோஷப்படாம எதுக்கு அழறீங்க?"

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"மசக்கை தொடங்கினதுலேர்ந்து அவ அந்த மண்ணைத்தான் தின்னுட்டிருக்கா, தாயி. மாமியார் இல்லாத பொண்ணு ஆசைப்படறாளேன்னு, நான்தான் மூட்டை மூட்டையா வெட்டிக் கொண்டாந்து குடுக்கறேன்."