அறுந்துபோன துண்டு

“அண்ணே, அந்தப் பேச்சில்லாத படம் இருக்குதுல்ல? மறந்துட்டு வந்துடலையே?”

படவண்டி சுண்ணாம்புக்குளத்தில் வந்து நின்றதுமே குணசுந்தரி ஆஜர். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமப் பொட்டு. கையில் சாலமனுக்காக ஒரு பொட்டலம் காய்ந்த இறால்.

சர்க்கார் வண்டியில் ஊர் ஊராய்ப் போய்ப் படம் காட்டுகிற சாலமனுக்கு அந்தப் படத்தைக் கண்டாலே கொட்டாவி வரும். ‘நவீன வாழ்க்கை’ என்று பேர். கதை கிடையாது, பாட்டு கிடையாது, ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். ரயில் ஓடும், மில் ஓடும், மெட்ராஸ் ரோட்டில் பஸ்ஸும் ஜனமும் ஓடும். பின்னால் டொய்ங் டொய்ங்கென்று ஒரு வாத்தியம். யாருக்காக எடுத்தார்களோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

குணசுந்தரிக்கு மட்டும் அது போதும். போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்துகிற கூட்டத்தில், கைவண்டியோடு நிற்கும் ஓர் ஆள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே திரும்பிப் பார்ப்பான். அவள் புருஷன் பச்சைமுத்து. ஏரியில் இறால் கிடைக்காத வருஷம் மெட்ராஸுக்குப் பிழைக்கப் போனவன்.

அந்த இடம் வந்ததும் அவள் எழுந்து நின்றுவிடுவாள். பக்கத்துப் பெண்கள் அவள் பொட்டைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசுவார்கள். பொறாமை என்று சாலமன் நினைத்துக்கொள்வான். ஊருக்கு அவர் வருவதே இல்லையா என்று ஒருமுறை கேட்டதற்கு, அதுதான் இங்கேயே வந்து பார்க்கிறேனே என்று சிரித்துவிட்டாள்.

இருட்டியதும் படம் ஓடியது. ரயில் போயிற்று, மில் போயிற்று, ரோடு வந்தது. குணசுந்தரி எழுந்தாள். போலீஸ்காரர் கையை நீட்டினார். உடனே திரையில் ஒரு பெரிய இயந்திரம் ரொட்டி மாவு பிசைய ஆரம்பித்தது.

படம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் அவள் நின்றபடியே இருந்தாள்.

“அண்ணே, அவுரு வரலியே.”

சாலமனுக்கு அப்போதுதான் உறைத்தது. போன வாரம் பொன்னேரியில் பிலிம் சிக்கி, விளக்குச் சூட்டில் கருகி அறுந்துபோனது. கருகிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு மீதியை ஒட்டியிருந்தான். எந்த இடம் என்று பார்க்கவில்லை. தயங்கித் தயங்கி அதைச் சொன்னான்.

“அந்தத் துண்டு இருக்குதாண்ணே?”

“குப்பையில போட்டுட்டேம்மா.” அவள் முகத்தைப் பார்க்கவே அவனுக்குச் சங்கடமாக இருந்தது. “இதுக்குப் போயி கலங்கலாமா? படத்துலதானே இல்ல? ஆளு மெட்ராஸ்லதானே இருக்காரு? பொன்னேரில ரயிலேறிப் போயி நேர்லயே பாத்துட்டு வா.”

அவன் திரையை அவிழ்த்துச் சுருட்டும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கட்டடம் சரிஞ்சு செத்துட்டாரு, அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்கன்னு ரெண்டு வருஷமா ஊரே சொல்லுதுண்ணே. செத்தவரு எப்படித் திரும்பி என்னப் பாப்பாருன்னு நாந்தான் எல்லார்கிட்டயும் சண்ட போட்டுனு கெடந்தேன்” என்றவள், முந்தானையை எடுத்து நெற்றிப் பொட்டை அழுத்தித் துடைத்தாள்.