புகை இல்லாத காலை

மலைச்சரிவின் புல்மேட்டில் பறப்பதற்கான ஆரஞ்சு நிறத் துணிச்சிறகு, பாராகிளைடர், விரிந்து கிடக்கிறது. பனித்துளி உலராத புல்லில் அதன் கயிறுகள் மினுங்குகின்றன. எதிரே வெயில் ஏறிய முகடுகள். எண்ணூறு மீட்டர் கீழே எங்கள் ஊர், தீப்பெட்டிகளைக் கொட்டியதுபோல். பாராகிளைடர் ஓட்டும் சொலேன், ரொட்டிக்கடை ஒனோரேயைத் தனக்கு முன்னால் வாரால் பூட்டிவிட்டு, வழக்கம்போல் அவர் கடைப் புகைக்கூண்டைத் தேடுகிறாள். காற்றின் திசை காட்டக் கம்பில் கட்டிய ரிப்பனை எங்களில் யாரும் நம்புவதில்லை; அந்தப் புகை சாயும் பக்கம் பார்த்துத்தான் பறப்போம். இன்று புகையே இல்லை.

“அடுப்பை அணைச்சிட்டா வந்தீங்க?” என்கிறாள். “பின்னே? முப்பது வருஷமா உங்களுக்கெல்லாம் புகை காட்டினேன். இன்னிக்கு நான் பறக்கறேன். ஊருக்கு ரொட்டி கிடையாது.” “அப்போ காத்தைப் பத்தி யாரைக் கேக்கறது? உங்க தொப்பையையா?” ஒனோரே கால்சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி மாவை எடுத்துப் பள்ளத்தாக்கை நோக்கி வீசுகிறார். அது ஒரு கணம் வெயிலில் வெள்ளையாக நின்று, திரும்பி வந்து அவர் மீசையிலேயே அப்புகிறது. “எதிர்க்காத்து. போதுமா?” என்கிறார். சொலேன் சிரிக்கிறாள். “இதுக்கு மேல என்ன வேணும்! எதிர்க்காத்துதான் நம்மளைத் தூக்கும். ஓடுங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக்கூடாது.”

ஓடுகிறார்கள். பூட்ஸ்கள் புல்லை அறைகின்றன. ஆரஞ்சுத் துணி தலைக்கு மேல் எழுந்து நிமிர்கிறது. புல்மேடு முடிகிறது. ஊர்த் தேவாலயக் கோபுரத்துக்கு நேர் மேலே, வெறும் காற்றில், ஒனோரேயின் கால்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சொலேன் இன்னும் நிறுத்தச் சொல்லவில்லை.