கீறல் விழாத கம்ப்யூட்டர்

தர்மசீலன் தன் பட்டறையில் கம்ப்யூட்டர் செய்து பள்ளிக்கூடங்களுக்கு விற்றுவந்தார். அதில் ஒன்றை வாங்கிய தலைமையாசிரியர், அது வந்த அன்றே சந்தனப் பொட்டு வைத்து, பிளாஸ்டிக் உறை மாட்டி, பிள்ளைகள் கெடுத்துவிடுவார்கள் என்று அறையைப் பூட்டிவிட்டார்.

"கொஞ்சம் திறயேன், பிள்ளைங்க சத்தம் கேட்குது" என்று கம்ப்யூட்டர் கெஞ்சும்.

"உனக்குக் கீறல் விழுந்தா என்னைத்தானே திட்டுவாங்க?" என்று பூட்டு மறுத்துவிடும்.

ஆயுத பூஜைக்கு மட்டும் கதவு திறக்கும். பழைய பொட்டின் மேல் புதுப் பொட்டு விழும்.

ஒருநாள் தர்மசீலனே வந்து நின்றார். "இன்னும் நாலு வாங்கிக்கங்க சார். இல்லேன்னா பட்டறையை மூட வேண்டியதுதான்."

தலைமையாசிரியர் அறையைத் திறந்து, பெருமையோடு உறையை விலக்கிக் காட்டினார். "நீங்க கொடுத்ததே இன்னும் புதுசா இருக்கு. வேற எதுக்கு சார்?"

தர்மசீலன் அதன் விசைகளை ஒருமுறை தடவினார். படியிறங்கிப் போனார். கதவு மறுபடி சாத்தப்பட்டது.

"பார்த்தியா, உன்னை எப்படிக் காப்பாத்தி வச்சிருக்கேன்!" என்றது பூட்டு.

"ஆமா" என்றது கம்ப்யூட்டர். "அவர் பட்டறைக் கதவுலயும் நாளைக்கு உன் சொந்தக்காரன் ஒருத்தன் தொங்குவான்."