முதல் தீ

“இந்தக் கணப்புல தீ மூட்டக் கூடாதுன்னு சொல்ல நீ யாரு?” கூடத்தின் நடுவில் இடுப்பில் கைவைத்தபடி சிக்னே கேட்டாள்.

புகைபோக்கிகளைச் சோதிக்கும் அர்வித், மசி படிந்த தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். நகராட்சி ஆள். அவர் சரி என்று சொன்னால்தான் அந்தக் கணப்பில் முதல் தீ.

சிக்னேயின் கணவர் ஹால்வர் கணப்பை ஒட்டியே நின்றார். கோடை முழுவதும், வீட்டைச் சூடாக்கும் அந்தப் பழைய வார்ப்பிரும்புக் கணப்புதான் அவருக்கு உலகம். கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததைத் தகடு தகடாகக் கழற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்து, தீயைத் தாங்கும் மண்ணை இணைப்புகளில் பூசி, திரும்ப நிறுத்தியிருந்தார். பிர்ச் மர விறகு பிளந்து அடுக்கியாகிவிட்டது. வெளியே முதல் பனியும் விழுந்துவிட்டது.

“விரிசல் இருக்கு,” என்றார் அர்வித். “புகை வீட்டுக்குள்ள வரும். தூக்கத்துலயே ரெண்டு பேரும் போயிருவீங்க.”

ஹால்வர் கோபப்படவில்லை. சிறு சுத்தியலை எடுத்துப் பக்கத் தகட்டைத் தட்டினார். தேவாலய மணி போல அது நீளமாக ஒலித்தது. விரிசல் விட்ட இரும்பு இப்படியா பாடும் என்று கேட்டார். எந்தப் பக்கம் விரிசல், காட்டு என்றார்.

அர்வித் தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்து ஒலியை அடக்கினார். “உள்ளே, அய்யா. வெளியில தெரியாது.”

ஹால்வர் குனிந்து பார்க்கப் போனார். முதுகு பிடித்துக்கொள்ளும் என்று சிக்னே அவர் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, மறுபடி அர்வித்தின்மேல் பாய்ந்தாள். ஊரில் ஒழுகுகிற கணப்புக்கெல்லாம் தலையாட்டிவிட்டு இங்கே வந்து சட்டம் பேசுகிறானாம். கூரைமேல் ஏறி ஏறி மூளையிலும் மசி படிந்துவிட்டதாம்.

“விடு சிக்னே, அவன் வேலையை அவன் செய்யறான்,” என்றார் ஹால்வர்.

அப்போது கருகல் வாடை வந்தது. விருந்தாளிக்கு என்று ஹால்வர்தான் சற்று முன் காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு வந்திருந்தார். சிக்னே சமையலறைக்கு ஓடினாள். திரும்பி வரும்போது அவள் கையிலிருந்த பாத்திரத்தின் அடி கன்னங்கரேலென்று இருந்தது.

“நான்தான் வச்சுட்டு மறந்து தொலைச்சேன்,” என்றாள் சிக்னே.

ஹால்வர் சிரித்தார். “இவளுக்கு வயசாயிருச்சு,” என்று அர்வித்தைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அர்வித்தால் சிரிக்க முடியவில்லை. கம்பியை எடுத்துக் கணப்பின் கதவைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். முடிச்சு சரியாக விழாமல் இரண்டு தடவை அவிழ்த்துக் கட்ட வேண்டியிருந்தது.

ஹால்வர் விறகு அடுக்கின்மேல் உட்கார்ந்தார். மெருகேற்றிய கதவை விரலால் தடவிக்கொண்டே, அடுத்த வருஷமாவது மூட்டலாமா என்று மெல்லக் கேட்டார். பார்க்கலாம் என்றார் அர்வித். “அப்ப இவ்வளவு நாள் நான் பட்ட பாடு?” என்றார் ஹால்வர்.

“வேலையில குறை இல்லை, அய்யா. இரும்புதான் பழசு.”

அதற்குமேல் அர்வித் அங்கே நிற்கவில்லை. ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். சிக்னே விடவில்லை. வீட்டுக்குள் கேட்கும்படி திட்டிக்கொண்டே பனியில் அவர் பின்னால் போனாள். நல்ல மனுஷனின் நெஞ்சை உடைத்துவிட்டான், இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றாள்.

இருவரும் கொட்டகை மூலையில் திரும்பினார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தால் இனித் தெரியாது. சிக்னேயின் குரல் சட்டென்று நின்றது. மசி அப்பிய அர்வித்தின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். கண்களைத் துடைக்கக்கூட அந்தக் கையை விடவில்லை.

“நாளைக்கும் மறந்துட்டுக் கேப்பார், தம்பி. விரிசல் எந்தப் பக்கம்னு வச்சுக்கலாம்?”