விலகிய நாள்

லண்டன் குட்மேய்ஸ் வீட்டுச் சமையலறை மேசையில் மடிகணினியைத் திறந்துவைத்திருக்கிறாள் கௌசிகா. தேநீரில் ஆடை படிந்திருக்கிறது. வெளியே ரயில் போக, கோப்பைக்குள் கரண்டி கிணுகிணுக்கிறது. அவளுடைய வலதுகால் தன்பாட்டில் ஆடிக்கொண்டேயிருக்கிறது. அவள் வேலைசெய்யும் ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனம், கேம் உருவாக்கும் தன் இரண்டாம் பிரிவின் முப்பதாண்டு வரலாற்றை வெளியிடப்போகிறது. ஆங்கிலப் பிரதியில் பிழை பார்ப்பது அவள் பொறுப்பு. கடைசிப் பக்கத்தில் பிரிவில் இருந்த எல்லாருடைய பெயரும், சேர்ந்த நாளும், விலகிய நாளும். இன்னும் வேலையில் இருப்பவர்களுக்கு விலகிய நாளுக்குப் பதில் ஒரு சின்னக் கோடு. டோக்கியோவில் இருப்பவர்களுக்கெல்லாம் கோடு. லண்டனில் இருக்கும் நால்வருக்கு இல்லை. நாலாவது பெயர் அவளுடையது. விலகிய நாள், வரும் செப்டம்பர் முப்பது. இன்று ஜூலை பதினாறு. யாரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்தை மேலே தள்ளுகிறாள், கீழே இழுக்கிறாள், மறுபடி மேலே தள்ளுகிறாள். கோடு முளைக்கவில்லை. அடுப்படியில் தோசை வார்க்கும் கணவன் நிரோஜன் திரும்பாமலே கேட்கிறான்: "தம்பியின்ர கலியாணத்துக்கு ஒக்டோபர்ல ரெண்டு கிழமை கனடா போகோணும். உமக்கு லீவு தருவினமோ?" தோசைக்கல் சீறுகிறது. ஆடிக்கொண்டிருந்த கால் நிற்கிறது. "ஓம், தருவினம்," என்கிறாள்.