வெறும் எச்சில்

“உன் வாயில வர்றது டிரம்ஸாடா? வெறும் எச்சில்! நாளையிலேருந்து இந்தப் பக்கமே வராதே!”

வாத்தியமே இல்லாமல் வாயாலேயே பாடும் அந்தக் குழுவின் தலைவர், வாயாலேயே டிரம்ஸ் வாசிக்கும் தன் மச்சினனை ஆறு பாடகர்கள் முன்னால் கிழித்துத் தொங்கவிட்டார். மேடையில் கைதட்டல் மொத்தமும் அவனுக்கே போனதில் அவருக்கு வயிற்றெரிச்சல். போட்டிக்குப் பாட்டைப் பதிவு செய்து அனுப்பியாகிவிட்டது. இனி இவன் எதற்கு?

மச்சினன் உதட்டைத் துடைத்துக்கொண்டு வெளியேறினான்.

மறுவாரம் போட்டி நடுவர்களிடமிருந்து கடிதம் வந்தது. ‘வாத்தியம் கூடாது என்பது விதி. உங்கள் பாட்டில் டிரம்ஸ் ஒலிக்கிறது. அது டிரம்ஸ் இல்லையென்றால் நேரில் வந்து நிரூபியுங்கள்.’

தலைவருக்கு வேறு வழியில்லை. மானத்தை விழுங்கிக்கொண்டு மச்சினன் வீட்டுக் கதவைத் தட்டினார். மறுபேச்சுப் பேசாமல் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியதுதான் ஆச்சரியம்.

நடுவர்கள் மூவரும் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார்கள்.

“டிரம்ஸே கிடையாதுங்க. எல்லாம் இவர் வாய்தான்,” என்றார் தலைவர்.

“எங்கே, செஞ்சு காட்டச் சொல்லுங்க.”

மச்சினன் பவ்யமாக எழுந்து நின்றான். “எனக்கு டிரம்ஸெல்லாம் வராதுங்க. வெறும் எச்சில்தான் வரும். மாமாவே ஆறு பேர் முன்னால சொன்னாரு, கேட்டுப் பாருங்க.”

“டேய், விளையாடாதடா!” என்று தலைவர் பல்லைக் கடித்தார். அவன் திரும்பிப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

சற்று நேரத்தில் மாடிப்படியிலிருந்து ‘டும் டக்கு, டும் டக்கு’ என்று கதவே அதிர்ந்தது.

மூத்த நடுவர் பேனாவை மூடி வைத்தார்.

“டிரம்ஸைக் கையோடவே கொண்டு வந்துட்டு, இல்லவே இல்லைன்னு சாதிக்கிறீங்களே!”